இடது கையால் போட்ட கையெழுத்து

மலேசியாவில் போலீஸ் ரிப்போர்ட் போட்டவர்களுக்குத் தெரியும், அந்தத் தாளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். புகார் கொடுப்பவருக்காக யாராவது மொழிபெயர்த்திருந்தால் அவருடைய பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் அதில் வரும். பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை. என் தங்கை கொடுத்த இரண்டாவது ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் என் மேல், பிறகு வரிசையாக இன்னும் பலர் மேல்.

நான் போர்ட் கிள்ளானில், துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் முப்பது வருடமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா. நாள் முழுக்க மலாயில் பாரம், அதாவது படிவம், நிரப்புவதுதான் பிழைப்பு. அதனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கு அரசாங்கத்துக்கு எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். தங்கை என்னைவிடப் பத்து வயது சின்னவள், மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். பாசாரில் மீன்காரனோடு மலாயில் மல்லுக்கு நிற்பாள். ஆனால் கவுண்டருக்குப் பின்னால் ஒரு சீருடையைப் பார்த்துவிட்டால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். பாலர் பள்ளிச் சீருடையோடு ஐந்து வயது மகள் அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் கையை முறுக்கிச் சுவரோடு மோதியிருக்கிறான். எதுக்கு என்று கேட்டேன். அப்படிக் கேட்டதே தப்பு என்று இப்போது தெரிகிறது, ஏதோ சரியான காரணம் ஒன்று இருக்க முடியும் என்பதுபோல. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவனைத் தூங்க விடாமல் பிள்ளை பாடிக்கொண்டிருந்தாளாம். அதட்டப் போனவனைத் தங்கை தடுத்தாளாம். அவன் என்றுதான் எழுதுகிறேன். அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பு விரிசல் என்று சொல்லி, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையம். அன்றைக்குக் கவுண்டரில் இருந்தது ஒரு மலாய்க்காரப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. தங்கைக்குத் தண்ணீர் கொடுத்தாள், பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் பிரித்துக் கொடுத்தாள், தங்கை திக்கித் திணறிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை, கட்டம் காலியாகவே இருந்தது. நலன் இலாகாவுக்குப் போய், அவன் கிட்டே நெருங்காதபடி பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்று சொல்லி அதற்கான கடிதத்தையும் கொடுத்தாள். கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்து, வீட்டு ஆட்கள் வந்து இந்த ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கி மீட்டுக்கொள்ளச் சொல்லுவார்கள், மீட்டுக்கொள்ள விடாதே என்றாள். எத்தனை குடும்பங்களைப் பார்த்திருந்தால் அவளுக்கு அது அவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கும்.

வீட்டு ஆட்கள் வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. வந்தது எங்கள் அண்ணன். அப்பா போன பிறகு எங்கள் இருவரையும் கரையேற்றியவர் அவர்தான், அதை மறுத்தால் எனக்கு நல்ல சாவு வராது. எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் அவர் செயலாளர். குடும்பத்தில் எது வந்தாலும் கோயில் மண்டபத்தில் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது அவர் வழக்கம். நிச்சயதார்த்தம் நின்றாலும் அங்கேதான், மதில் சுவர்ச் சண்டை என்றாலும் அங்கேதான். இதையும் அங்கேயே முடித்துவிடலாம் என்றார். எலும்பு விரிந்ததையும் மதில் சுவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துப் பேச முடியும் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்ததும் கூடினோம். எங்கள் பக்கம் அண்ணன், அண்ணி, தங்கை, நான். அவன் பக்கம் அவன், அவன் அம்மா, ஒரு மாமா. நடுவில் கோயில் தலைவர். அடித்தது தப்புதான் என்று எல்லாரும் ஆரம்பித்தார்கள். ஆனா என்று எல்லாரும் தொடர்ந்தார்கள். ஆனா இவளுக்கும் வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா அவனுக்கு வேலையில் எவ்வளவு டென்ஷன். ஆனா பொம்பளை அனுசரித்துப் போனால்தானே குடும்பம். தங்கை எதிரே மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளை தூணோரம் வடை தின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இவர்கள் ஒரு மணி நேரம் அவள் வாயைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் பெயர். அந்த ஒரு மணி நேரத்தில் அந்த வாய் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

பேச்சு கொஞ்சம் தணிந்ததும் அண்ணி டீ கலந்தாள். ஒரு கிளாஸைத் தங்கையிடம் நீட்டி, நீயே கொண்டுபோய் மாப்பிள்ளைக்குக் கொடு, அவர் மனசு இளகும் என்றாள். தங்கை எழுந்து போய்க் கொடுத்தாள். வலது கை கட்டில் இருக்கிறது, இடது கையால்தான் கொடுக்க முடியும். அதைப் பார்த்த அவன் அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பாத்தீங்களா, கோயில்லயே புருஷனுக்கு இடது கையால குடுக்குறா. இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல?"

யாரும் அவளை அதட்டவில்லை. தலைவர் தரையைப் பார்த்தார். அண்ணன் தொண்டையைச் செருமினார். தங்கைதான், கட்டுப் போட்ட கையைக் கிளாஸுக்கு அடியில் ஒப்புக்கு வைத்து இரண்டு கையாலும் கொடுக்கிற மாதிரி மாற்றிக்கொண்டாள். அந்தக் காட்சி இப்போது நினைவுக்கு வந்தாலும் எனக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும்போல இருக்கிறது. அன்றைக்கு நான் செய்தது, என் டீயைக் குடித்து முடித்தது.

கடைசியில் அவன் அழுதான். அண்ணன் ஒரு தட்டில் சூடம் ஏற்றினார். இனிமேல் அவள் மேல் கை வைக்க மாட்டேன் என்று அவன் உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினான். அதோடு எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குச் சூடத்தை அணைத்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆத்தா பார்த்துக்கொள்வாள். அப்புறம்தான் விலையைச் சொன்னார்கள். அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறான், உள்ளே போகிற பாஸைப் புதுப்பிக்கிற நேரம், பெயரில் போலீஸ் கேஸ் இருந்தால் வேலை போய்விடும். அவன் சாமி முன்னால் சத்தியம் பண்ணிவிட்டான், பதிலுக்கு அவள் ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்ள வேண்டும். எழுத வேண்டியதை எழுத என்னைக் காட்டினார்கள்.

போலீஸ் நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதினேன். மலாயில் எழுதியதைத் தங்கைக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். நீ பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாய், கோபத்தில் புருஷன் மேல் பழி போட்டுவிட்டாய், மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்கிறாய், சரியா என்று கேட்டேன். அவள் பின்சீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். சரிக்கா என்றாள். உள்ளே அந்தப் பெண் போலீஸ் இல்லை, வேறொரு ஆள் இருந்தான். தங்கைக்கு வாய் எழவில்லை என்பதால் நானே சொன்னேன், அவன் என் பெயரையும் எண்ணையும் கேட்டுக் கட்டத்தில் போட்டான். மாவுக்கட்டுக் கையோடு வழுக்கி விழுந்தேன் என்று சொல்கிறவளை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள், கோழி கிளறிய மாதிரி. தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன்.

சூடத்துச் சத்தியம் ஆறு வாரம் தாங்கியது. ஏழாவது வாரம் ஒரு மத்தியானம் அவன் அறைந்ததில் அவளுக்கு ஒரு காது இரண்டு நாள் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரிப்போர்ட் போடலாம் வா என்றேன். பொய் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று கேட்டாள். போகாமல் விட்டோம். அது எங்கள் இரண்டாவது முட்டாள்தனம்.

பத்து நாள் கழித்து அவன் பாலர் பள்ளிக்குப் போய், டீச்சரிடம் தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிப் பிள்ளையை அழைத்துக்கொண்டு செலாயாங்கில் இருக்கும் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டான். தாத்தா செத்து எட்டு வருடம் ஆகிறது. போன் எடுக்க மாட்டார்கள், நேரில் போனால் கேட்டைத் திறக்க மாட்டார்கள். இந்தத் தடவை போலீஸ் நிலையத்துக்கு ஓடினோம். அங்கே இருந்தவர் கணினியில் தங்கையின் பெயரைத் தட்டிப் பார்த்தார். முன்னாடியும் இப்படித்தான் ஒரு ரிப்போர்ட் போட்டு அப்புறம் பொய் என்று சொல்லியிருக்கிறாய் என்றார். பெற்ற அப்பன் பிள்ளையை அழைத்துப் போனதில் கேஸ் எதுவும் இல்லை, கோர்ட்டில் உத்தரவு வாங்கிக்கொண்டு வா என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. சலிப்புதான் இருந்தது.

ஒரு வாரத்தில் அவனே கோர்ட்டுக்குப் போய்விட்டான். விவாகரத்து வேண்டும், பிள்ளை தன்னிடமே இருக்க வேண்டும் என்று மனு. அதோடு ஒட்டிய தாள்களில் முதலாவதாக இருந்தது எங்கள் இரண்டாவது ரிப்போர்ட். அதை எடுத்துக்கொண்டு கோமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே இருந்த ஒரு பெண் வக்கீலிடம் போனோம். ஏழு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை அம்மாவிடம் இருப்பதுதான் நல்லது என்றுதான் சட்டம் முதலில் நினைக்கும் என்று அவர் விளக்கினார். ஆனால் அம்மா பொய்ப் புகார் கொடுக்கிறவள், மனநிலை சரியில்லாதவள் என்று காட்டிவிட்டால் அந்த நினைப்பை மாற்றிவிடலாம். அதைத்தான் அவன் செய்யப் பார்க்கிறான். அதைச் செய்ய அவனுக்கு நாங்களே ஆயுதம் எழுதிக் கொடுத்திருந்தோம்.

வக்கீல் அந்தத் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார்.

"இது யாரு?"

"நான்தான்."

"இதுல எழுதியிருக்கிறது உண்மையா?"

"இல்ல."

அப்படியென்றால் அதை நான் அபிடவிட்டாக, அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலமாக, கொடுக்க வேண்டும் என்றார். யார் கூப்பிட்டார்கள், எங்கே பேசினார்கள், யார் எழுதச் சொன்னார்கள், எல்லாம் வர வேண்டும். போலீஸிடம் பொய் எழுதிக் கொடுத்ததை நானே ஒத்துக்கொள்கிறேன், அதற்காக என்னை விசாரிக்கவும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்து கொடு அக்கா என்று அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எப்படியோ விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். தங்கை உள்ளே பிள்ளையின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லாத மூன்று வாரமும் அவள் அதைத் துவைத்துத் துவைத்து இஸ்திரி போட்டாள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"கோயில் பேரு கோர்ட்டுல அடிபடக் கூடாதும்மா. நீ கையெழுத்துப் போடாத. ரெண்டு வீட்டையும் இன்னொரு தடவ கூப்பிட்டுப் பேசிப் பாக்குறேன்."

"பேசி என்னண்ணே பண்ணுவீங்க? மறுபடியும் சூடம் ஏத்துவீங்களா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. உங்களுக்கு நல்லது நினைத்துத்தானே செய்தேன் என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் ஆட்களில் யார் யாருக்கு என்ன கெடுதல் செய்தாலும் கடைசியில் அது நல்லது நினைத்துச் செய்ததாகத்தான் இருக்கும். கெடுதலை யாரும் நினைப்பதே இல்லை, அது தானாக நடந்துவிடுகிறது.

"கை ஒடஞ்சவள டீ தூக்க வச்சோம்ணே," என்றேன். "நீங்களும் பாத்துக்கிட்டு இருந்தீங்க, நானும் பாத்துக்கிட்டு இருந்தேன். அதத்தான் எழுதப் போறேன்."

"என் பேரையும் எழுதுவியா?"

"என் பேரு அந்தக் கட்டத்துல ஏற்கனவே இருக்கு. உங்க பேரும் பக்கத்துல வரட்டும்."

வைத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து போனார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. கோயில் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு அழைப்பிதழ் வருவது நின்றுவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

சத்தியம் செய்து வைக்கிற அதிகாரியின் அறை ஒரு போட்டோஸ்டேட் கடைக்குப் பின்னால் இருந்தது. மின்விசிறி, மேசை, ஒரு முத்திரை, அவ்வளவுதான். சூடமும் இல்லை, சாமியும் இல்லை. இதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். முத்திரை விழுந்தது.

ஷா ஆலம் கோர்ட்டில் விசாரணை நீதிபதியின் அறைக்குள் நடந்தது. வக்கீல்கள் மட்டும் உள்ளே போனார்கள், நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவனும் அவன் அம்மாவும் எதிர்ப் பெஞ்சில். நடந்ததை வக்கீல் பிறகு சொன்னார். அவன் வக்கீல் அந்த இரண்டாவது ரிப்போர்ட்டைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாராம். படித்த சொந்த அக்காவே மொழிபெயர்த்திருக்கிறார், இதில் மிரட்டல் எங்கே வந்தது என்றாராம். நீதிபதி என் அபிடவிட்டைப் படித்திருந்தார். இரண்டு ரிப்போர்ட்டிலும் இருந்த கையெழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். இரண்டும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று கேட்டிருக்கிறார். முதல் நாள் அவள் மாவுக்கட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த விரல்களால், வலியோடு, வலது கையாலேயே போட்டிருந்தாள். நாலு நாளில் விரல் வீங்கிப்போய் அதற்கும் முடியாமல் இடது கைக்கு வந்துவிட்டது. எங்கள் வக்கீல் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். கை முறுக்கப்பட்டதால் ஏற்பட்ட விரிசல் என்று டாக்டர் எழுதியிருந்ததை நீதிபதி சத்தமாகவே படித்தாராம்.

வழக்கு முடியும்வரை பிள்ளை அம்மாவிடம் இருக்க வேண்டும், மறுநாள் பத்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு ஆனது. அவன் வாரத்துக்கு ஒரு முறை, வேறொருவர் கூட இருக்கும்போது பார்க்கலாம். வழக்கு இன்னும் முடியவில்லை. என்னையும் போலீஸ் ஒரு தடவை அழைத்து விசாரித்தார்கள். முப்பது வருடம் பாரம் நிரப்பிய அனுபவம் அங்கேயும் உதவியது, எந்தக் கேள்விக்கும் அன்றைக்கு நான் திக்கவில்லை.

உத்தரவு ஆன மறுநாள் காலை அதன் நகலோடு செலாயாங் போனோம். அடுக்குமாடி வாசலில் காவலாளி அறைக்குப் பக்கத்தில் அவன் அம்மா பிள்ளையை நிறுத்திவைத்திருந்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் துணி. பிள்ளையின் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். பிள்ளை ஓடி வரவில்லை. நடந்து வந்து அம்மாவின் வலது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள். தங்கை பின்சீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். நான் ஓட்டினேன்.

சுபாங் ஜெயா தாண்டினோம். பிள்ளை என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, அன்னிக்கு இந்தக் கார்லதான எழுதுனீங்க? அம்மா பாத்ரூம்ல விழுந்தாங்கன்னு."

"ஆமாம்மா."

"அம்மா விழலையே. நான் பாத்தேன்ல, அப்பாதான் கைய முறுக்குனாங்க. நீங்க என்னைய கேக்கவே இல்ல."

கோயில் மண்டபத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். காரில் நானும் தங்கையும் இருந்தோம். நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி வடையைத் தின்றுகொண்டு எல்லா இடத்திலும் எங்கள் கூடவே இருந்திருக்கிறாள். எங்களில் ஒருத்தருக்கும் அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"பெரியம்மாதான் பொய் எழுதுனேன்," என்றேன்.

"ஏன்?"

கோர்ட்டுக்குச் சொன்ன காரணங்கள் என்னிடம் பக்கம் பக்கமாக இருந்தன. அண்ணன் சொன்னார், தலைவர் சொன்னார், அவனுக்கு வேலை போய்விடும் என்றார்கள். அதில் ஒன்றைக்கூட அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பயந்துட்டேன்மா."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"நானும்தான்," என்றாள்.